மேலப்பக்கம்

வரைபடம் என் கையில், காம்பஸ் அவள் கையில். அப்படிப் பிரிந்திருக்கக் கூடாது. பிரிந்தோம்.

செகந்திராபாத்துக்கு வெளியே, போலாரத்தைத் தாண்டிய பாறைக்காடு. ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்களுக்கான விளையாட்டு. தாளில் வட்டமிட்ட இடங்களைத் திசை பார்த்து நடந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கும். ஒன்பதாவது படிக்கும் என் மகள் பள்ளியிலேயே இதைப் பழகியவள். காம்பஸை உள்ளங்கையில் கிடத்தி, முள் அடங்கும்வரை மூச்சை அடக்கி, பிறகு விருட்டென்று போவாள். பின்னால் நான், மூச்சிரைக்க, மேகம் பார்த்துக்கொண்டு.

"மம்மி, நீ ரொம்ப ஸ்லோ. கடைசி ஒண்ணு நான் மட்டும் போயிட்டு வர்றேன். மேப் வச்சுட்டு இங்கேயே உக்காரு."

"ஏட்டி, மேப் இல்லாம எப்பிடிப் போவ?"

"மைண்ட்ல இருக்கு."

போனாள். பாறைகள் அவளைத் துண்டு துண்டாக மறைத்தன; கடைசியாகப் பின்னல்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன். "மம்மி, இங்கே காம்பவுண்ட் வால் இருக்கு. மேப்ல இது இல்ல. யாரோ வில்லா கட்டுறாங்க. எப்படி வெளியே வர்றது?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சுவர் தாளுக்குத் தெரியாது. ஆனால் அவள் நிற்கும் இடத்துக்கு மேற்கே ஒரு வண்டிப்பாதை ஓடியது.

"ஏட்டி, மேலப்பக்கமா வா. நேரே மேலப்பக்கமா. அங்கன..."

சிக்னல் அறுந்தது.

வண்டிப்பாதைக்கு ஓடிப்போய் நின்றேன். பாறைகள் செம்பாயின, பிறகு சாம்பலாயின. அவள் வரவில்லை. ஃபோனில் ஒரு பெண்குரல் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டது. பெயர் சொல்லிக் கத்தினேன். கத்தக் கத்த என் குரலே எனக்குப் பயமாக இருந்தது.

பதில் வானத்திலிருந்து வந்தது. அண்ணாந்தேன். வீட்டளவுப் பாறையின் உச்சியில், நீல டீ-ஷர்ட்.

"அங்க எதுக்குட்டி ஏறுன?"

"நீதானே மேல வான்னு சொன்னே."

"மேலப்பக்கம்னா மேற்குல்லா."

அழுகைக்கு ஒரு படி முன்னால் நிற்கும் குரல், தெலுங்கு கலந்து. "அப்போ வெஸ்ட்னு சொல்லணும் கதா. காம்பஸ் என்கிட்டதானே இருக்கு."

எங்கள் பூர்வீக ஊருக்கு மேற்கே மலை. மலை உயரம், ஆகவே மேற்கு மேலே. நானோ பிறந்ததே செகந்திராபாத்தில். அந்த மலையடியில் ஒரு மழைக்காலம்கூட இருந்ததில்லை. வாயில் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன், இறக்கி வைக்கத் தெரியாமல். இப்போது என் பிள்ளையை அதன்மீது ஏற்றிவிட்டேன்.

ஏறிய வெடிப்பு மேலேயிருந்து அவளுக்குத் தெரியவில்லை. கீழே நிற்கும் எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கீழே எறிந்து, காம்பஸ் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாறைக்கு முகம் கொடுத்துத் திரும்பினாள். இனி அவள் கால்களுக்கு என் வாய்தான் கண். 'கீழ' என்று தொடங்கினேன், நாக்கு நின்றது. எங்கள் வீட்டில் கீழப்பக்கம் கிழக்கு. நம்பக்கூடிய சொல் ஒன்றுகூடக் கையில் இல்லை.

"லெஃப்ட் ஃபுட்," என்றேன். "டௌன். லிட்டில் மோர். ஸ்டாப்."

என் குரல் மாதிரியே இல்லை. யாரோ டீச்சர் பேசுவது போல் இருந்தது. ஒருமுறை கால் வழுக்கிச் சரளை என் முகத்தில் உதிர்ந்தது. கைகளைக் காற்றுக்கு நீட்டியபடி நின்றேன். பிறகு அந்தச் செருப்பில்லாத சின்னப் பாதம் என் தோளில் பட்டது.

முழங்கால் உரிந்திருந்தது. அணைத்தேன், நின்றாளே தவிர, சாயவில்லை.

ஸ்கூட்டர் நிறுத்திய இடம்வரை இருட்டிக்கொண்டே வந்தது. நான் மனதுக்குள் சொற்களைப் புரட்டிக்கொண்டே நடந்தேன். தொட்டில் காலத்திலிருந்து இவளிடம் சொன்னவை, கோபத்தில் சொன்னவை, அவள் அப்பா வீட்டை விட்டுப் போன வாரத்தில் சொன்னவை. அவளுக்குள் போய் அவை என்னவாயின? எந்தெந்தப் பாறையில் ஏறி நிற்கிறாள், நான் சொன்னேன் என்று?

"நான் பேசுறது உனக்குப் புரியுமாட்டி? எப்பவும்?"

ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்லப் பிடிக்காத பிள்ளை.

"மோஸ்ட்லி," என்றாள்.

காலை மடக்க முடியாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் வீடிருக்கும் மாரெட்பள்ளி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.