எனக்குத் தாகம் இல்லை

அம்மா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் பதிவேட்டில் 'துப்புரவு' என்று இருக்கும். உண்மையில் இருபத்தாறு வருடம் அவர் பார்த்தது பதினான்கு குரோட்டன் தொட்டிகளை. மஞ்சளும் சிவப்பும் தெறித்த அந்த இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஒடிந்த காம்பின் பால் பட்டு அவருடைய துணிமணியெல்லாம் பழுப்புக் கறை.

ஏழு வருடம் முன்பு அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. இடம் மாறினால் குரோட்டன் இலையைக் கொட்டிவிடும். இரண்டே வாரத்தில் பதினான்கும் மொட்டைக் குச்சிகள். பிளாஸ்டிக் செடி வாங்கிவிடலாம் என்றார் மேலாளர். செடி போனால் அம்மாவின் வேலையும் போகும்.

அம்மா ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

"சாகல சார், கோவிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு மாசம் குடுங்க. தளிர் வரலன்னா செடியோட என்னையும் அனுப்பிடுங்க."

வேலையையே பணயம் வைத்ததைக் கேள்விப்பட்டு எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் காலை, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியோடு போய் அளந்தேன். தொட்டிகளை வைக்க அம்மா தரையில் சாக்பீஸால் குறித்திருந்த பதினான்கு இடங்களில் பதிமூன்றில் வெளிச்சம் சரி. கடைசித் தொட்டியை மட்டும் நகர்த்தச் சொன்னேன்.

"உன் மெஷினும் பரவால்லயே," என்றார்.

ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. ஊற்றினால் வேர் அழுகும். அலுவலகத்தில் எல்லோரும் பாவம் பார்த்து, பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள். அம்மா யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சீட்டு கட்டினார்: 'எனக்குத் தாகம் இல்லை.' சிரித்தார்கள், ஊற்றுவதை நிறுத்தினார்கள்.

இருபத்தாறாம் நாள் பதிமூன்றிலும் தளிர். நான் நகர்த்தியதில் மட்டும் இல்லை. நான் அளந்தது காலை பத்து மணிக்கு. பிற்பகல் மூன்று மணிக்கு எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில், அம்மாவின் குறி மேல் சரியாக விழும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார். மேலாளர் எண்ண வந்த முப்பதாம் நாள் அதிலும் ஒரு பச்சை முனை. பிளாஸ்டிக் பேச்சு அதோடு நின்றது.

போன வாரம் அந்தப் பதினான்காவது தொட்டியை எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். என் வீட்டுக்கு வந்ததும் இலை கொட்டத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றவில்லை. ஒளிமானியையும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் சாக்பீஸ்.