கேட்டு வாங்கிய டிஸ்சார்ஜ்

திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். ஊசி போடுவதில்லை, கட்டுப் போடுவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். நோயாளி எதற்காக வந்தாரோ அது வேறு. எங்களிடம் வந்த பிறகு அவருக்கு என்ன ஒட்டிக்கொண்டது என்று பார்ப்பதுதான் என் வேலை. லேப் முடிவு, காய்ச்சல், யாருக்கு எந்தக் குழாய் எவ்வளவு நாளாக இருக்கிறது, எல்லாம் அதில் வந்து விழும். ஆஸ்பத்திரியிலேயே பிடித்த கிருமி என்று தெரிந்தால் அந்தப் படுக்கை திரையில் சிவப்பாகிவிடும். நான் ஐசியூவுக்குள் நுழைந்தால் போதும், டாக்டர்கள்கூடக் கை கழுவக் கிளம்பிவிடுவார்கள். அண்ணனுக்கு மட்டும் இந்த வேலை மேல் துளி மரியாதை கிடையாது. "கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் பாக்கற புள்ள" என்பார்.

அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பல்லடத்திலிருந்து திரும்பும்போது பைக்கோடு விழுந்து தலையில் அடி. எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கண்ணைத் திறந்தார், அண்ணியின் கையை அழுத்தினார். மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் திரையைத் திறந்தேன். அண்ணனின் படுக்கை சிவப்பு. சளியில் வளர்ந்த கிருமி எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத வகை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முந்தின வாரம் வந்ததும் அதுவே. இரண்டு படுக்கைக்கும் நடுவில் அது நடந்து வந்திருக்காது, எங்களில் யாரோ ஒருவர் கையில்தான் வந்திருக்க வேண்டும். டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடி ஏறினால் அண்ணனையே பார்க்கலாம். நானோ கீழே உட்கார்ந்து அவருடைய காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கப் பயம். மருந்தை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். இதற்கு மேல் என்ன மருந்து என்று கேட்டதற்கு டாக்டர், "இதுதாங்க கடைசி, சிஸ்டர்" என்றார்.

எங்கள் பக்கம் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். வெளியில் போய்விட்டால் உடலை வீட்டுக்குள் கொண்டுவரவே தயங்குவார்கள். அதனால் டாக்டர் கையை விரித்ததும் சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் 'கேட்டு வாங்கிய டிஸ்சார்ஜ்' என்று ஏறும். வீட்டில் இறந்தவர் எங்கள் ஆஸ்பத்திரித் தொற்றால் இறந்தவராக எதிலும் வரமாட்டார். இது என்ன கணக்கு என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியிருக்கிறேன். கேட்க நாதியில்லை.

ஐசியூ வாசலில் பெரியப்பா என்னிடம் வந்தார். "ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம் கண்ணு. அவன் கட்டுன ஊடு. இங்கயே விட்டுப்போட்டு நாளைக்கு அவன் புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"இன்னொரு நாள் பாக்கலாங்க பெரியப்பா. மருந்து ஓடிட்டிருக்குதுங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் எல்லாந் தெரியும். நீங்களே சொல்லுங்க. பொழச்சுக்குவாருங்களா?"

"இதுதான் கடைசி மருந்துங்க அண்ணி" என்றேன். அண்ணி கையெழுத்துப் போட்டார். இங்கேயே போனால் கணக்கிலாவது வருவாரே என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மங்கலத்தில் அண்ணன் வீடு வரைக்கும் ஆம்புலன்ஸில் மூச்சுக் குழாயில் மாட்டிய காற்றுப் பையை நான்தான் அழுத்திக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் படுக்கவைத்தார்கள். அண்ணி அவர் உதட்டில் பால் விட்டார். பிறகு எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். நான் அழுத்துவதை நிறுத்தினேன்.

காரியம் முடிந்து நான் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி கேட்டார், "ஆபரேஷன் நல்லாப் போச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் எதுனால போனாருன்னு உங்க கம்ப்யூட்டர்ல போட்டிருக்குங்களா? பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பார்த்தேன். அண்ணனின் படுக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார். இறந்துவிட்டார் என்று மாற்றப் பார்த்தேன். மூடிய பதிவு என்று கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "ஊட்டுல போனது நம்ம கணக்குல வராதுங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றார். எனக்குத் தெரிந்ததுதான்.

மாதக் கூட்டத்தில் தொற்று அறிக்கையை வாசிப்பது என் வேலை. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன், ஆள் இல்லை என்றார்கள். ஐசியூவில் இந்த மாதம் தொற்றால் இறந்தவர் எவருமில்லை என்று எழுந்து நின்று வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.