ஒதீல் சிஸ்டருக்கு ஒரு மனு

புதுச்சேரியில் மனு எழுதிப் பிழைத்தவர்களில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பெயர் ஜானகிராமன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரவே பரீட்சை, அதாவது நம் பத்தாம் வகுப்பு மாதிரி, அதுவரை படித்தேன். அதை வைத்துக்கொண்டு காலையில் கன்னியர் மடத்தில் தமிழ் வாத்தியார், பத்து மணிக்குமேல் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவன். வீட்டு வரி, வாரிசு சான்றிதழ், ஜென்மப் பகை என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அவற்றிலேயே அருமையான மனு ஒரு பெண்ணை வெளியே போகவிடாமல் அடைத்துப்போட்டது. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஒதீல் சிஸ்டர் வந்தது எழுபத்தைந்தாம் வருஷம். வயது இருபத்துநாலு. பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்தில் மாடு வளர்க்கிற குடும்பம். அப்பா இறந்துபோய்விட்டார், அம்மாவும் ஒரு தங்கையும் இருந்தார்கள். சின்ன வயதில் மிஷனரிமார் கதைகளைப் படித்துவிட்டு, காடு, மலை, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடக்கும் சாமியார் என்று கனவு கண்டு விமானம் ஏறியவர். வந்த இடத்தில் காடும் இல்லை, மலையும் இல்லை. சாரம் என்கிற பேட்டையில் மடத்துக்குச் சொந்தமான ஒரு இரண்டு அறை டிஸ்பென்சரி இருந்தது. மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிரங்கு, காதில் சீழ், மெஷினில் நசுங்கிய விரல். காலையிலிருந்து மத்தியானம் வரை ஊதா மருந்து தடவித் தடவி அவர் விரல்களும் ஊதாவாகவே இருந்தன.

அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன், எல்லா நாளும் அதுதான். நாலரைக்கு மணி அடிக்கும். ஜெபம், பூசை. ஆறரைக்கு என் பாடம். இளம் கன்னியாஸ்திரியை ஆண் வாத்தியாரோடு தனியாக விடக்கூடாது என்பது மடத்து விதி. என் மூஞ்சியைப் பார்த்தால் அப்படியொரு பயம் யாருக்கும் வராது, ஆனாலும் விதி விதிதான். வயதான சிஸ்டர் ஒருவர் ஜெபமாலையோடு மூலையில் உட்கார்ந்திருப்பார், பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். எட்டு மணிக்கு அன்னக்கிளி வருவாள்.

அன்னக்கிளி டிஸ்பென்சரியைக் கூட்டிப் பெருக்குகிறவள். புருஷன் மில்லில் வேலை பார்த்துச் செத்தவன். நாற்பது வயது, நல்ல உடம்பு, அதைவிட நல்ல தொண்டை. சிஸ்டர் தெருவில் தனியாகப் போகக்கூடாது என்பதும் விதி என்பதால் துணைக்குப் போவதும் அவள்தான். சிஸ்டர் நடந்தால் இவள் குடை பிடிப்பாள். சிஸ்டர் நின்றால் இவள் நிற்பாள். சிஸ்டர் ஒரு பையைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வாள். பாசம்தான். அந்தப் பாசத்தில் மூச்சு விட இடம் இருக்காது.

சாயங்காலம் வீடு வீடாகப் போவார்கள். தெருவுக்கே ஒரு நல்ல நாற்காலி, ராஜாங்கம் வீட்டு இரும்பு நாற்காலி. சிஸ்டர் எந்த வீட்டு வாசலை மிதிக்கிறாரோ அங்கே அது முன்னதாகவே ஓடிவிடும். எல்லாரும் கீழே உட்கார, நடுவில் இவர் மட்டும் கலெக்டர் மாதிரி மேலே. கீழே உட்கார ஒரு முறை முயற்சி செய்தார். வீட்டுக்காரி பதறி அழுதேவிட்டாளாம். பிறகு காபி. வேண்டாம் என்பார். நம் ஊரில் வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் முறை கேட்போம், மூன்றாம் முறை கேட்காமல் டம்ளரைக் கையில் வைத்துவிடுவோம். அவருக்குச் சர்க்கரையே ஆகாது. ஒரு நாள் ஏழு வீடு, ஏழு காபி. மடத்துக்கு வந்து வாந்தி எடுத்ததாக என்னிடம் சொன்னார். "வேண்டாம் என்பதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறதா சார்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். இன்று நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர்கள் ஜோடி ஜோடியாகக் கடற்கரைக்குப் போவார்கள். கைப்பிடிச் சுவர் வரை நடந்து, கடலைப் பார்த்து, திரும்பி வருவார்கள். தண்ணீரில் கால் வைக்க அனுமதி இல்லை. வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதலாம். அதை மடத்துத் தலைவியான பெரிய மேர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் ஒதீல் சிஸ்டர் தன் அம்மாவுக்கு இரண்டு வருஷமும் மழையைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியுமே எழுதினார்.

ஒரு நாள் பாடத்தில் 'ஆசை' என்ற சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். மூலையில் கிழவி தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் நோட்டைப் பார்க்காமல், "எனக்கு ஊருக்குத் திரும்பிப் போக ஆசை" என்றார். ஒரு பிழை இல்லை. "பலே! அருமையான வாக்கியம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அப்பேர்ப்பட்ட வாத்தியார் நான்.

வெளிநாட்டு மிஷனரிகள் இங்கே தங்க வருஷா வருஷம் அனுமதி வாங்கவேண்டும். எழுபத்தேழில் அவருடைய அனுமதியை இனி நீட்டிப்பது கஷ்டம் என்று பேச்சு வந்தது. சேதி டிஸ்பென்சரிக்கு எட்டிய அன்றைக்கே அன்னக்கிளி முப்பது பெண்களோடு கோர்ட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாத்தியாரே, சிஸ்டர அனுப்பப் போறாங்களாம். கவர்னருக்கு ஒரு மனு எழுதுங்க. தெருவே கைநாட்டு வெக்கும்."

சாரத்து ஜனங்களுக்கு மனு என்றால் தண்ணி பட்ட பாடு. மில் கதவை அடைத்தாலும் மனு, குழாயில் தண்ணீர் நின்றாலும் மனு. எனக்கும் கை பரபரத்தது. இருந்தாலும் கேட்டேன்: "சிஸ்டரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவங்கள இன்னாத்துக்குக் கேக்கறது? கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. காபி வேணுமான்னாகூட வேணாம்னுதான் சொல்றாங்க. குடுத்தா குடிக்கல?"

அந்த நியாயம் எனக்கும் சரியாகவே பட்டது. மூன்று பக்கம் எழுதினேன். 'பெற்ற தாயைப் பிரியும் பச்சிளங்குழந்தைகளைப் போல' என்று ஒரு வரி. படித்துக் காட்டியபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானூற்றுச் சொச்சம் கைநாட்டு. இரண்டாம் மாதம் அனுமதி வந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு.

டிஸ்பென்சரி வாசலில் பந்தல் போட்டார்கள், மேளம் வந்தது. சிஸ்டர் கழுத்தில் அன்னக்கிளி ஆளுயர மாலையைப் போட்டாள். மனு எழுதியவன் என்பதால் எனக்கும் ஒரு சின்ன மாலை. மாலைக்கு மேலே தெரிந்த சிஸ்டரின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ரயிலைத் தவறவிட்டவர் பிளாட்பாரத்தில் நிற்கிற முகம் அது. "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று தெளிவான தமிழில் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்த தமிழ்.

மறுநாள் பாடத்தில் கிழவி தூங்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா..." என்று இழுத்தேன்.

"யாரும் கேக்கல சார்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நானா போறேன்னு கேக்க முடியாது. கேட்டா, கடவுளுக்குக் குடுத்த வார்த்தைய உடைச்சிட்டேன்னு ஆயிடும். ஊர்ல எங்கம்மா தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போக முடியாது. ஆனா உங்க அரசாங்கம் போன்னு சொல்லிட்டா, அது என் தப்பு இல்ல. அந்த ஒரு கதவுதான் இருந்துச்சு. ரெண்டு வருஷமா அதுக்காகத்தான் ஜெபம் பண்ணேன்."

அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவன் நான்தான், அவர் எதிரே பூமாலை வாசம் போகாத சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் இருவருக்குமே நகரவில்லை. சிஸ்டர் மெலிந்துபோனார். அவருடைய அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது என்று தங்கை எழுதியிருந்தாள். அடுத்த கோடைக்குள் வந்தால் முகமாவது தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது ஒதீல் சிஸ்டர் அழவில்லை. மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்கு அன்னக்கிளி குடையோடு வந்தாள், எழுந்து போனார். சாயங்காலம் அதே நாற்காலி, அதே காபி.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அன்னக்கிளியை மடக்கிச் சொன்னேன். "அவங்களுக்கு ஊருக்குப் போகணும்னு இருக்கு, அன்னக்கிளி. நாமதான் புடிச்சு வெச்சிருக்கோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா வாத்தியாரே பேசறீங்க? எங்கள உட்டுட்டுப் போகணும்னு அவங்க சொன்னாங்களா? என் பேத்திக்கு ஜுரம் வந்தப்போ மூணு நாளு பக்கத்துல உக்காந்து பாத்துக்கினவங்க அவங்க. உங்களுக்குத்தான் பாடம் எடுக்க ஏதோ சலிப்பு. மனு எழுத இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, ஊர்ல வேற ஆளே இல்லையா!" அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. சிஸ்டர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நிஜம்.

எழுபத்தெட்டு. திரும்பவும் கெடு வந்தது. இந்த முறை என்னை கோர்ட்டு வாசலில் தேடவில்லை. டிஸ்பென்சரிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றம் நிறைய ஜனம். ராஜாங்கம் வீட்டு நாற்காலியில் இந்தத் தடவை என்னை உட்கார வைத்தார்கள். எதிரே மேஜை, தாள், மை ஒற்றும் பெட்டி. அன்னக்கிளி என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"போன வருஷத்துது மாதிரியே எழுதுங்க. அந்தப் பச்சக் கொழந்த வரி கட்டாயம் இருக்கணும்."

வேறு ஆளிடம் போனால் அவன் எழுதித் தந்துவிடுவான். மறுத்துப் பயனில்லை. எழுதிக்கொண்டே யோசித்தேன். யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. மனுவில் பாஸ்போர்ட் எண்ணைக் குறிப்பிடவேண்டும். அதில் ஒரு எண் மாறினால் போதும். ஆள் வேறு, மனு வேறு என்று காகிதம் மேஜை மேஜையாகச் சுற்றும், விளக்கம் கேட்டுத் திரும்பி வரும், அதற்குள் கெடு தாண்டிவிடும். மனு எழுதுகிறவன் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. என் தொழிலில் நான் செய்யவே கூடாத தப்பு. செய்வது என்று முடிவு கட்டினேன். செய்தால் சிஸ்டர் வைகாசிக்குள் அம்மா முகத்தைப் பார்த்துவிடுவார். அப்படி நினைத்ததுமே ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

"சிஸ்டர், பாஸ்போர்ட்" என்றேன்.

உள்ளே போய் எடுத்துவந்து, பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஐந்தாவதாக ஒன்று என்றார். நான் ஏழு என்று எழுதினேன். பெரிதாகவே எழுதினேன், அவருக்குத் தெரியட்டும் என்று. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் ஒரு கணம் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவர் கண் தாளைவிட்டு நகர்ந்தது. அன்னக்கிளியைப் பார்த்தார். அவள் இடுப்பில் பேத்தி இருந்தாள். பின்னால் கையில் போட்ட மருந்துக் கட்டு இன்னும் அவிழ்க்காத ஒரு கிழவி, மை தொட விரலை நீட்டியபடி தயாராக நின்றாள். நான் பிரெஞ்சில், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில், "இருக்கட்டும், விட்டுவிடுங்கள். பாவம் என்னுடையது" என்றேன்.

அவர் தமிழில்தான் பதில் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அது ஏழு இல்ல சார். ஒண்ணு."

அன்னக்கிளி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "நல்ல வேள, சிஸ்டர் பாத்தாங்க! கண்ணு எங்க வெச்சிக்கினு எழுதறீங்க வாத்தியாரே?" முற்றம் முழுக்கச் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். நான் ஏழு என்றிருந்ததை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். அடுத்த எண் தாளில் சரியாகத் தெரியவில்லை, எனக்குக் கண் நிறைந்திருந்தது.

எழுதி முடித்ததும் ஜனம் மேஜையை மொய்த்தது. கட்டுப் போட்ட கிழவியால் கட்டை விரலைத் தாளில் அழுத்த முடியவில்லை. ஒதீல் சிஸ்டர் தாளையும் மைப்பெட்டியையும் கீழே இறக்கி, அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய விரலைத் தன் ஊதா விரல்களால் பிடித்து, மையில் தொட்டு, என் மனுவின்மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். பிறகு அடுத்த கிழவி. பிறகு அடுத்தவள். விளக்கு வைக்கிற நேரம் வரை ஒவ்வொரு கையாக அவரே பிடித்து வைத்தார். அந்த வருஷமும் அனுமதி வந்தது.