பக்கத்துக் கட்டிலின் சொந்தக்காரி

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேறு எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

நான் கச்சிராயபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் துணைவி வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. துணைவி என்றுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இல்லை. நானும் பெண், அவளும் பெண். பன்னிரண்டு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. தெருவில் கேட்டால் 'டீச்சரும் தையல்காரம்மாவும்' என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அன்று பள்ளி விட்டு ஸ்கூட்டரில் இறங்கும்போது மலைப்பாதை வளைவில் வண்டி வழுக்கி, அவளுக்குத் தலையில் அடி. பின்னால் வந்த ஜீப்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, எனக்குப் போன் செய்தார். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். நான் பேனாவை வாங்கினேன்.

"நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?" என்றார் நர்ஸ்.

"கூட இருக்கறவங்க."

"கூட இருக்கறவங்கன்னா? கூடப் பொறந்தவங்க வரணும், இல்ல வூட்டுக்காரரு வரணும்."

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 

சின்னசேலத்தில் அவளுடைய அண்ணன் இருக்கிறார். எங்களைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவளோடு பேச்சே கிடையாது. அப்பா செத்ததற்குக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பாத மனிதர். அவருக்கு நானே போன் போட்டு, வாங்க என்று கெஞ்சினேன். வந்தார், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எந்த மருந்தாவது ஆகாதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார்.

அவளுக்குப் பெனிசிலின் ஆகாது. ஒருமுறை அந்த ஊசி போட்டு மூச்சடைத்துப் போனவளை நான்தான் ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தார்.

"இந்தம்மாவுக்கும் எங்க குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்ல. உள்ள வுடாதீங்க" என்று வாசல் காவலாளியிடம் சொல்லிவிட்டு, அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுநாள் காலை அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். உள்ளே என்ன ஊசி ஏற்றுகிறார்களோ என்று அந்தக் கதவையே சுற்றி வந்தேன். காவலாளியிடம் சொன்னால், "பேஷண்ட்டோட ஆளு வந்து சொல்லட்டும்மா" என்கிறார். அந்த ஆள் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது மலையிலிருந்து வந்த ஓர் இளம்பெண் கதவருகே போனாள். "யாருக்கு?" என்றார் காவலாளி. "வூட்டுக்காரருக்கு" என்றாள். அனுமதிச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார், கதவு திறந்தது. அவ்வளவுதான். ஒரு சொல், கதவு திறந்துவிட்டது.

அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமைக் காட்டில் கணவரைப் பாம்பு கடித்துவிட்டதாம், பிழைத்துக்கொண்டாராம். ரவிக்கைக்கு அளவெடுத்துப் பழகிய கண் முதலில் கழுத்தில்தான் போய் நிற்கும். வெறும் கழுத்து. தாலியைக் கழற்றி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"இன்னும் கட்டவே இல்லக்கா" என்று சிரித்தாள். "போன வருசம் அவரு வூட்டுக்கு வந்துட்டேன். எங்க வூடுங்கள்ல வந்துட்டா பொஞ்சாதிதான். சாமை அறுத்தப்புறம்தான் தாலி, விருந்து எல்லாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. தாலியும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆனாலும் அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏனென்றால் கல்யாணம் என்று ஒன்று அவர்களுக்கு இருக்கிறது, இன்றில்லாவிட்டால் நாளை நடக்கும் என்று ஊரும் சட்டமும் நம்புகின்றன. பன்னிரண்டு வருடம் வாழ்ந்த எனக்கு அந்த நாளையும் இல்லை. கோபத்தில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

 அவள், ஒரு நோயாளிக்கு ஒன்று என்று கொடுத்திருந்த அந்தச் சீட்டை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கினு போக்கா. நீ போய் உன் ஆளப் பாரு."

காவலாளி மாறி வேறு ஆள் வந்ததும் போனேன். அவள் கணவர் கண்ணைத் திறந்து, "யாரு?" என்றார். "அக்கா" என்றேன். "சரிக்கா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு என் உயிர்.

"சிஸ்டர், அந்த டீச்சருக்குப் பெனிசிலின் ஆகாதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இந்த பெட்டு ஆளுதானே?"

"எங்க ஊரு டீச்சருங்க" என்றேன். மனைவி என்று சொல்லியிருந்தால் துரத்தியிருப்பார்கள், ஊர்க்காரி என்றதும் கேட்டார்கள். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்து, அடுத்துப் போடவிருந்த மருந்தை மாற்றினார். அவரை நான் கும்பிட வேண்டும். அவள் லேசாகக் கண் திறந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கையைப் பிடித்தேன்.

"உங்க பேஷண்டைப் பாருங்கம்மா" என்றார் நர்ஸ். கையை விட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அண்ணன் அவளைச் சின்னசேலத்துக்குக் கொண்டு போய்விட்டார். நடக்கத் தெம்பு வந்ததும் ஒரு நாள் தானே பஸ் ஏறி என் கடை வாசலில் வந்து நின்றாள். இருவரும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பத்திரம், வீட்டுக்கு ஓர் உயில் என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். அப்படியும் அண்ணன் வழக்குப் போட்டால் இழுத்தடிக்கலாம் என்றார். மற்றவர்களுக்கு ஒரு முகூர்த்தத்தில் கிடைப்பதை நாங்கள் பிச்சை மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'அன்பு இருந்தால் போதாதா, கல்யாணம் எதற்கு' என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். கேட்பவர் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் தொங்குகிறது. அந்தக் கதவு வாசலில் எனக்கு அன்புக்கா பஞ்சம்?

சாமை அறுவடை முடிந்து அந்த மலைப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. ரவிக்கை நான் தைத்ததுதான். பதிவு செய்யப் போனபோது எங்கள் இருவரையும் சாட்சிக்கு வரச் சொன்னாள். அலுவலகத்தில் எங்கள் பெயரையும் விலாசத்தையும் கேட்டார்கள், நீ யார், இவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த வரியில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் துணைவியின் உயிர் ஊசலாடியபோது செல்லாத என் கையெழுத்து, இன்னொருத்தி பொஞ்சாதி என்று சாட்சி சொல்ல மட்டும் செல்லுகிறதே என்ற கோபம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.