விளக்கு வைத்தபின் ஊட்டிய சோறு

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள், தோழிகளே. குழந்தை இப்போதுதான் தூங்கினாள்.

என் புகுந்த வீட்டில் விளக்கு வைத்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. குழந்தை பசித்து அழுதாலும் பால் மட்டும்தான். ஏன் என்று கேட்டால், "எங்க வழக்கம்."

இன்று சாயங்காலம் செஞ்சி நூலகத்தில், ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் காரணம் அகப்பட்டது. அந்தக் காலத்தில் உயிருக்குப் பயந்து சில சமணக் குடும்பங்கள் திருநீறு பூசிச் சைவர்களாகிவிட்டனவாம். பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் சமண வழக்கத்தை மட்டும் விடவில்லையாம்.

"இன்னாம்மா படிக்கிற?"

பின்னால் மாமனார், நெற்றி நிறையத் திருநீறோடு. பேப்பர் படிக்க வந்தவர். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"வாயத் தொறக்காத. உன் நாத்தனாரப் பொண்ணு பாக்க வர்றாங்க. சம்பந்தம் நின்னுபூடும்."

இருவரும் வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. குழந்தை அழுதுகொண்டிருந்தாள்.

"கொழந்தைக்கு சோறு ஊட்டும்மா," என்றார் மாமனார். "வாசல்ல வெச்சு ஊட்டு. நாலு பேரு பாக்கட்டும்."

"இன்னா திடீர்னு?" என்றார் மாமியார்.

குழந்தைக்கு வயிறு நிறைந்தது. மாமனார் மட்டும், விளக்கு வைத்தாயிற்றே என்று, சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

காலையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? உங்களுக்குள் வைத்துக்கொண்டு, சீக்கிரம் பதில் போடுங்கள்.