உப்பிட்ட டொன்சில்

மன்னார்க் கரையில் நான் டொக்டராக வேலை செய்த சிறிய ஆஸ்பத்திரியில் அண்ணை ஒருவர் உதவியாளராக இருந்தார். பக்கத்துத் தாழ்வுபாடு கிராமத்து மீனவக் குடும்பத்தவர். எந்த மூடியை மூடினாலும் அதன்மேல் பெருவிரலால் சிலுவை போடுவார், தன் சோற்றுப் பெட்டிக்கும்கூட.

அந்தப் போர்க்காலத்திலும் எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம். ஒருமுறை வந்த கிருமியை மறக்காத ஞாபகக் கலங்கள், அதாவது செல்கள், தொண்டையின் டொன்சில் சதையில் இருக்கின்றன. வெட்டியெடுத்த ஒன்று கிடைத்தால் கொழும்புக்குக் கொண்டுபோய் அவற்றை இனங்காணலாம் என்று கனவு கண்டேன். அவருக்கு அரைமணி நேரம் விரிவுரை நடத்தி, "கெடவே கூடாது அண்ணை" என்று முடித்தேன்.

மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு டொன்சில் கிடைத்த அன்று, நான் பயணத்துக்கான பாஸ் எடுக்க இராணுவ முகாமில் வரிசையில் நின்றேன். திரும்பி வந்து, அவர் அதைப் போட்டு வைத்திருந்த போத்தலைத் திறந்தால், டொன்சில் கல்லுப்புக்குள் சுருங்கிக் கிடந்தது.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"டீசல் இல்லாமல் ஐஸ் பக்டரி பூட்டிக் கிடக்கு, டொக்டர். உப்புப் போட்டா ஆறு மாசத்துக்கும் கெடாது."

"ஐயோ, அந்தக் கலங்கள் உயிரோட இருக்கவேணும்!"

"அதை நீங்கள் சொல்லேல்லையே."

உண்மைதான். ஞாபகத்தைப் பற்றி அரைமணி நேரம் முழங்கியவன் 'உயிர்' என்ற அந்த ஒரு சொல்லை மறந்திருந்தேன்.

மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே கருவாடு.

"இதுக்கு உயிர் தேவையில்லைத்தானே, டொக்டர்?"

முகத்தில் சிரிப்பே இல்லை. மூடிச் சிலுவை போட்டுத் தந்தார். கேலி செய்தாரா, உறுதிப்படுத்திக்கொண்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மன்னாரிலிருந்து நான் கெடாமல் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கருவாடு ஒன்றைத்தான்.