பட்டன்காரியின் வாசல்

எங்கள் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இரண்டைப் பார்க்காமல் போவதில்லை: மணிக்கூண்டு, பட்டன்காரி. மணிக்கூண்டு மேல் எனக்குக் கோபமில்லை. பட்டன்காரி என் ஓரகத்தி.

மாமனார் வீட்டைக் குறுக்கே சுவர் எழுப்பி, நடுவில் ஒரு கதவு வைத்துப் பிரித்தபோது, மூத்த மருமகள் என்று என்னைத்தான் முதலில் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். வீதிப் பக்கம் அப்போது ஒரே பஸ் புகை. சந்துப் பக்கம் போதும் என்று தையல் மெஷினைப் போட்டேன். அவள் முன்பக்கத்தில் பட்டன், நூல், ஜிப் விற்றாள். வண்டிகளை நிறுத்தி, கல் பாவி, வீதியை நடப்பவர்களுக்கே விட்டுவிடுவார்கள் என்று யார் கண்டது?

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். வழிகாட்டி கூட்டத்தோடு வந்து அவள் தலைக்கு மேலிருக்கும் மரப் பால்கனியைக் காட்டுவார். இவள் வாயெல்லாம் பல்லாக நிற்பாள். எவர் சட்டையிலாவது பட்டன் இல்லையென்றால் போதும், சட்டையைக் கழற்றக்கூட விடாமல் அப்படியே தைத்துவிடுவாள். "அசையாதீங்க, குத்திடுவேன்!" கூட்டமே சிரிக்கும். தைப்பது என் தொழில்! என் சந்தில் ஈ காக்கை இல்லை.

ஒரு நாள் வெடித்துவிட்டேன். "பால்கனி இருக்கிற தைரியத்துல ஆடுற. அது என் பக்கம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"அவ்வளவுதானாக்கா? மாத்திக்குவோம்" என்றாள். ஒரு பேச்சுக்காவது மறுத்தாளா? அதுவும் எரிந்தது.

இடம் மாறிய முதல் நாள் தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது. பால்கனியைப் படம் எடுத்தது.

"இங்க இருந்த பட்டன்காரம்மா எங்கம்மா?" என்றார் வழிகாட்டி.

"மணிக்கூண்டுப் பக்கம் போயிட்டா" என்று வீதிக் கோடியைக் காட்டினேன். மனமறிந்த பொய்தான். திரும்பி நடந்தார்கள். அதற்குள் நடுக்கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல்: "அசையாதீங்க, குத்திடுவேன்!"

அவ்வளவுதான், கூட்டம் என் கடைக்குள்ளேயே புகுந்து கதவை நோக்கிப் போனது. நானே மெஷினைத் தள்ளி வழிவிட்டேன். கடைசியாக வந்தவர் கையில் ஒரு பட்டன். சட்டையில் அது இருந்த இடம் காலி. எனக்கு உயிர் வந்தது. ஊசியில் நூலைக் கோத்து, "நில்லுங்க, நான் தச்சுத் தர்றேன்" என்றேன்.

அவர் சட்டையைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம்மா. அவங்க தைக்கணும்னுதான் பிச்சுக்கிட்டு வந்தேன்."